பிஸ்கட்டுக்கு மார்க் போட்ட கதை

(ஜனவரி 26 அன்று கொடியேற்றத்துக்குப் பிறகு நமது சமூகக் கூடத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இதே இடத்தில் போன வருடம் உயில் எழுதுவது பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய வருடம் முழங்கால் வலி. இந்த வருடம் செயலாளர் என்னிடம், "சார், நீங்க அந்த பிஸ்கட் சமாச்சாரத்தைப் பேசிடுங்க" என்றார். உயில், முழங்கால், அடுத்து பிஸ்கட் என்றால் சங்கத்தின் தரம் இறங்கிக்கொண்டே போகிறதோ என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், இதில் நான் ஒரு தப்புக் கணக்கு எழுதியிருக்கிறேன். அதை எல்லோர் முன்னாலும் நேர் செய்துவிட வேண்டும்.

நம் பின்வாசல் கேட்டைத் தாண்டினால் எதிர்ச்சாரியில் இருக்கும் பேக்கரி உங்கள் எல்லோருக்கும் தெரியும். சின்னக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் அடுப்பு. கடைக்காரர், அவர் மனைவி, உதவிக்கு ஒரு பையன், மூன்றே பேர். கால் கிலோ பிஸ்கட் வாங்கினால் நிறுத்த பிறகு ஒன்றை எடுத்து மேலே போடுவார். வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு அந்தக் கூடுதல் பிஸ்கட் எந்தக் கணக்கில் வரும் என்று யோசனை ஓடும். ஆனால் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வருடத்துக்கு நாலு தடவை நம் சங்கம் அவரிடம் பிஸ்கட் வாங்கி வந்தது. பொங்கல் விழா, குடியரசு தினம், சுதந்திர தினம், குழந்தைகள் தினம். முந்நூறு பேர் வருவார்கள், தலைக்கு இரண்டு. அறுநூறு பிஸ்கட், ஒன்று 15 கிராம் என்று வைத்தால் 9 கிலோ. கிலோ 360 ரூபாய், ஆக 3,240 ரூபாய். நமக்கு அது பெரிய தொகை இல்லை. அவருக்கு ஒன்றரை நாள் பிஸ்கட் வியாபாரம்.

டிசம்பர் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த ஆர்டர் பற்றிப் பேச்சு வந்தது. ஓர் இளைஞர் போனை எடுத்துக் காட்டினார். "சார், மெயின் ரோட்டுக் கடைக்கு 4.5 இருக்கு. நம்ம கடைக்கு 4.3தான். 'நமத்துப் போன பிஸ்கட்'னு ஒருத்தர் எழுதியிருக்கார். பேசாம கம்பெனி பாக்கெட் பிஸ்கட்டே வாங்கிடலாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நல்லதாக வாங்க வேண்டும் என்றுதான் சொன்னார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

அந்த "ஒருத்தர்" நான்தான்.

அன்றைக்குக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். எனக்கு முன்னால் அந்தக் கடைக்கு ஒன்பது பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மொத்தம் 41. ஒன்பதால் வகுத்தால் 4.6 வருகிறது. நான் போட்டது இரண்டு நட்சத்திரம். 43-ஐப் பத்தால் வகுத்தால் 4.3. அதாவது நான் மார்க் போடுவதற்கு முன் நம் கடை மெயின் ரோட்டுக் கடைக்கு மேலே இருந்தது. போட்ட பிறகு கீழே போய்விட்டது. இரண்டாயிரம் பேர் நட்சத்திரம் போட்ட பெரிய கடையாக இருந்தால் என் இரண்டு நட்சத்திரம் கடலில் கரைத்த பெருங்காயம். பத்துப் பேர் போட்ட இடத்தில் அது ஆளையே சாய்க்கிற அடி. முப்பத்தாறு வருடம் சராசரிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவனுக்கு, போனைத் தடவும்போது அது தோன்றவில்லை.

சரி, ஏன் இரண்டு நட்சத்திரம் போட்டேன்? அக்டோபர் மாதம், வடகிழக்குப் பருவமழை பிடித்த வாரம். கால் கிலோ வெண்ணெய் பிஸ்கட் வாங்கி வந்து, அன்றைக்கு இரண்டு தின்றுவிட்டு, காகிதக் கவரின் வாயை மடித்து ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தேன். மூன்றாம் நாள் காபியோடு எடுத்தால் சப்பென்று நமத்துக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. போனும் கையில் இருந்தது.

பிஸ்கட் ஏன் நமக்கிறது என்று பிறகுதான் யோசித்தேன். பிஸ்கட்டை அடுப்பில் வைத்து ஈரத்தை ஏறக்குறைய முழுவதும் விரட்டிவிடுகிறார்கள். பழைய காலத்தில் இரண்டு தடவை சுட்டதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. லத்தீனில் இரண்டு முறை வெந்தது என்று பொருள். நம் ரஸ்க் அந்த வழியில் இன்னும் இரண்டு தடவைதான் சுடப்படுகிறது. அப்படிக் காய்ந்த பொருளைச் சென்னை மழைக்காலக் காற்றில் திறந்து வைத்தால் அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேக்கும் ரொட்டியும் இதற்கு நேர் எதிர். அவற்றில் ஈரம் அதிகம், அதனால் வைக்க வைக்கக் காய்ந்து விறைக்கும்.

இதை வைத்து இங்கிலாந்தில் ஒரு வரி வழக்கே நடந்தது. ஜாஃபா கேக் என்று ஒரு தின்பண்டம். பிஸ்கட் அளவில் இருக்கும், பிஸ்கட் அடுக்கில் விற்பார்கள், மேலே ஒரு பக்கம் சாக்லேட். அங்கே கேக்குக்கு வரி இல்லை, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு. 1991-ல் தீர்ப்பாயம் பல விஷயங்களைப் பார்த்தது. அதில் ஒன்று, வைத்திருந்தால் இது நமக்கிறதா, விறைக்கிறதா என்பது. விறைக்கிறது, ஆகவே கேக் என்று தீர்ந்தது. நம் நாட்டில் அந்தச் சண்டைக்கே வேலை இல்லை. கேக், பிஸ்கட் இரண்டுக்கும் ஒரே ஜிஎஸ்டிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் 5 ஆகிவிட்டது.

இங்கிலாந்து தீர்ப்பாயத்துக்குத் தெரிந்தது என் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. "முறுக்கு டப்பாவை இறுக்கி மூடுடா" என்று தினம் நாலு தடவை சொல்வாள். ஆக, பிஸ்கட் நமத்தது கடையில் இல்லை. என் வீட்டு ஃப்ரிட்ஜ் தலையில். தண்டனை மட்டும் கடைக்குப் போய்விட்டது.

மறுநாள் செயலாளரிடம் போய், "முடிவு எடுக்குறதுக்கு முன்னால ஒரு தடவை ருசி பார்த்துடலாம். பேர் தெரியாம பார்க்கணும். கணக்கு நான் எழுதுறேன்" என்றேன். என் நட்சத்திர விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "செய்யுங்க சார்" என்றார்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, காலை பத்து மணி, இதே கூடம். இருபத்துநாலு பேர். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எட்டு, அவர்களுடைய அப்பா அம்மா வயதுக்காரர்கள் எட்டு, அறுபது தாண்டியவர்கள் எட்டு. ஆறு வகை பிஸ்கட். ஐந்து நம் கடையுடையது: வெண்ணெய், தேங்காய், உப்பு, ராகி, சாக்லேட் சிப் குக்கீ. ஆறாவது, ஒரு பெரிய கம்பெனியின் பாக்கெட் வெண்ணெய் பிஸ்கட். எல்லாம் அன்றைக்குக் காலையில் வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடியது. இந்த முறை மூடியை நானே இரண்டு தடவை பார்த்தேன்.

தட்டுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தால் அ-வுக்கு ஒரு மரியாதை வந்துவிடும். உணவு ஆராய்ச்சிக்கூடங்களில் மூன்று இலக்க எண்ணை மனம்போனபடி வைப்பார்கள். நான் ஆறு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, ஒவ்வொன்றின் கடைசி மூன்று எண்ணைத் தட்டுக்கு வைத்தேன். கேஷ் கவுண்டர் பழக்கம். கம்பெனி பிஸ்கட்டின் மேல் பெயர் பதிந்திருக்கும் என்பதால் எல்லா பிஸ்கட்டையும் துண்டாக உடைத்துவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர். ஒரே வரிசையில் எல்லோரும் தின்னக் கூடாது, ஆளுக்கு ஒரு வரிசை. பக்கத்தில் பேசக் கூடாது. முந்திரி, கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். முட்டை உண்டா என்று கடையில் கேட்டோம், எதிலும் இல்லை என்றார். தளர்வாக விற்கிற பிஸ்கட்டில் பச்சைப் புள்ளி இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் துண்டு. அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

மார்க் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ஒன்பது என்றால் மிகமிகப் பிடித்தது, ஒன்று என்றால் வாயில் வைக்க முடியவில்லை, ஐந்து என்றால் பிடித்தது என்றும் இல்லை பிடிக்கவில்லை என்றும் இல்லை. இது நான் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்க ராணுவத்தில் சிப்பாய்களுக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கிறது என்று அறிவதற்காக 1950-ஐ ஒட்டி உருவாக்கிய அளவுகோல், இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஏ பிளாக் பையன் ஒருவன் சாக்லேட் குக்கீக்கு ஒன்பதுக்குப் பத்து போட்டிருந்தான். அதை ஒன்பது என்று திருத்தி, திருத்திய இடத்தில் அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

தின்பதற்கு முன் எல்லோரிடமும் ஒரு கேள்வி: எது முதலில் வரும்? பதினைந்து பேர் கம்பெனி பிஸ்கட் என்று எழுதினார்கள். ஆறு பேர் சாக்லேட் சிப். மூன்று பேர் கடை வெண்ணெய் பிஸ்கட். தேங்காய் பிஸ்கட் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

இப்போது மொத்த சராசரி. தேங்காய் 7.4. கம்பெனி பாக்கெட் 7.0. கடை வெண்ணெய் 6.9. சாக்லேட் சிப் 6.2. உப்பு 6.0. ராகி 4.2.

கைதட்ட வேண்டாம், கணக்கு இன்னும் முடியவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கம்பெனி பிஸ்கட்டுக்கு மொத்தம் 168 மார்க், கடை பிஸ்கட்டுக்கு 166. இருபத்துநாலு பேர் சேர்ந்து இரண்டே மார்க். யாராவது ஒருவர் வரும்போது காபி குடித்துவிட்டு வந்திருந்தால் அது மாறியிருக்கும். ஆனால் இதையே போனில் 7.0, 6.9 என்று அடுத்தடுத்துப் போட்டால், ஒன்று வென்றது, இன்னொன்று தோற்றது என்று ஆகிவிடும்.

பிறகு அந்த இரண்டு வெண்ணெய் பிஸ்கட்டின் எண்ணையும் சொல்லி, எது கடை, எது கம்பெனி என்று கேட்டேன். பதிமூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே பன்னிரண்டு பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். "கம்பெனி பிஸ்கட்டை வாசனையிலேயே கண்டுபிடிப்பேன்" என்று சொன்ன நண்பர் தவறாகச் சொன்னார். அவர் இங்கேயே இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

ருசி தெரிவதாக ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தில் ஒரு பெண்மணி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார். ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் எட்டுக் கோப்பையைக் கலைத்து வைத்துச் சோதிக்கும் முறையை வகுத்தார். நாலு இப்படி, நாலு அப்படி. குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புத்தான். 1935-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. நாம் பிஸ்கட்டில் செய்ததும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அடுத்தது உப்பு பிஸ்கட். சராசரி 6.0. பார்த்தால் சுமாரான பிஸ்கட் மாதிரி இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் போட்டது 8.0. குழந்தைகள் போட்டது 3.5. சாக்லேட் குக்கீ தலைகீழ்: குழந்தைகள் 8.5, பெரியவர்கள் 3.5. அந்தக் கூடத்தில் உப்பு பிஸ்கட் சுமார் என்று நினைத்த பெரியவரும் இல்லை, குழந்தையும் இல்லை. சராசரி மட்டும் அப்படிச் சொல்கிறது.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், புள்ளியியல் தாளில் தர ஒட்டுறவு என்று ஒரு கணக்கு வரும். அழகிப் போட்டியில் இரண்டு நடுவர்கள் கொடுத்த வரிசையைக் கொடுத்து, இருவர் ரசனையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேட்பார்கள். நாற்பது வருடம் கழித்து அந்தக் கணக்கு எனக்குப் பயன்பட்டது. குழந்தைகள் வரிசை: சாக்லேட், கம்பெனி, தேங்காய், வெண்ணெய், உப்பு, ராகி. பெரியவர்கள் வரிசை: உப்பு, தேங்காய், வெண்ணெய், கம்பெனி, ராகி, சாக்லேட். வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 48. ஆறால் பெருக்கி 210-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் மைனஸ் 0.37. ஒரே மாதிரி ரசனை என்றால் பிளஸ் ஒன்று வர வேண்டும். சம்பந்தமே இல்லை என்றால் பூஜ்யம். நமக்குப் பூஜ்யத்துக்கும் கீழே. தாத்தாவும் பேரனும் ஒரே தட்டில் தின்ன முடியாது என்பதை இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது?

இருவரும் கைகோத்த ஒரு விஷயம் ராகி. குழந்தைகள் 3.0, பெரியவர்கள் 4.5. ஆனால் கடையில் ராகி பிஸ்கட் வாங்குவது யார்? பெரியவர்கள்தான், உடம்புக்கு நல்லது என்று. பெயர் தெரிந்தால் மருந்து, பெயர் தெரியாவிட்டால் மண்.

இந்த முடிவையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மத்தியானம் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். கடைக்காரர் தாளை நின்றபடியே முழுக்கப் படித்தார். தேங்காய் பிஸ்கட் முதலிடத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ராகிக்கு வந்ததும், "இது சரிதான் சார்" என்றார். "ராகியில பிடிமானம் கிடையாது. மைதா கலந்தாதான் உருண்டையே நிக்கும். போன தடவை ராகியைக் கூட்டினேன், கொஞ்சம் கூட நேரமும் வச்சிட்டேன். கருகல் வாடை அடிச்சிருக்கும்" என்றார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். மற்ற பிஸ்கட்டில் போடுகிற அளவுதான் என்றார். பெரியவர்கள் இதைக் கவனிக்கவும்.

வெண்ணெய் பிஸ்கட்டில் முழுக்க வெண்ணெய்தானா என்றும் கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கணக்குத் தெரியும். இந்த வகை பிஸ்கட்டுக்குப் பழைய அளவு சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. ஒரு கிலோ மாவு பிசைந்தால் மூன்றில் ஒரு பங்கு வெண்ணெய். கிலோ வெண்ணெய் ஏறக்குறைய 600 ரூபாய் விற்கிறது, அப்படியென்றால் வெண்ணெய்க்கே 200 ரூபாய். கிலோ 360-க்கு விற்கிறவர் மாவு, சர்க்கரை, கேஸ், வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எல்லாம் மீதி 160-ல் பார்க்க வேண்டும். அவர் மழுப்பவில்லை. "பாதி வெண்ணெய், பாதி வனஸ்பதி சார்" என்றார். வனஸ்பதியில் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. பழைய வனஸ்பதி இப்போது இல்லை. இருந்தாலும் பெயரில் வெண்ணெய் என்று மட்டும் எழுதுவது முறை இல்லை தம்பி, அதை எழுதி வைத்துவிடுங்கள் என்றேன். நீங்கள் இப்போது போனால் பார்க்கலாம், அலமாரியில் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அட்டை வைத்திருக்கிறார். என்ன சேர்த்தது, எந்தத் தேதியில் சுட்டது என்று அவர் மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது.

கிளம்பும்போது அவர் சொன்னார். "மழைக்காலத்துல இப்பல்லாம் பாதி பாதியாத்தான் சுடறேன் சார். காலையில ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை. கேஸ் கூடுதான். ஆனா நமத்துப் போச்சுன்னு யாரும் சொல்லக் கூடாதில்ல."

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "தம்பி, அதை எழுதினது நான்தான். பிஸ்கட் உங்க கடையில நமக்கல. என் வீட்டுலதான் நமத்தது" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "பேர் போட்டிருக்கே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாரம் ஒரு தடவை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிறுத்த பிறகு அந்தக் கூடுதல் பிஸ்கட்டைப் போடுவதையும் நிறுத்தவில்லை. ஏன் தம்பி கேட்கவில்லை என்றேன். "நீங்க வந்துட்டுத்தானே இருந்தீங்க. வராம போயிருந்தாத்தான் கேட்டிருப்பேன்" என்றார்.

வங்கியில் தப்பான பதிவை ரப்பரால் அழிக்கக் கூடாது. எதிர்ப்பதிவு போட வேண்டும், ஏன் என்று விவரமும் எழுத வேண்டும். அன்று சாயங்காலம் போனைத் திறந்து என் இரண்டு நட்சத்திரத்தை நாலாக மாற்றினேன். ஐந்து போடவில்லை, ராகி பிஸ்கட் இருக்கிறதே. பழைய வரியை எடுத்துவிடாமல் கீழே இப்படிச் சேர்த்தேன்: "மழைநாளில் என் வீட்டில் மூடாமல் வைத்ததால் நமத்தது. கடையின் தவறு அல்ல. தேங்காய், உப்பு பிஸ்கட் நன்றாக இருக்கிறது. ராகி இன்னும் தேற வேண்டும்." இப்போது சராசரி 4.5. மெயின் ரோட்டுக் கடையும் 4.5. இரண்டு பேரும் பிழைக்கட்டும்.

இதிலிருந்து எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, மார்க் போடுவதற்கு முன் அந்தப் பொருள் கடையை விட்டு வந்து எத்தனை நாள் ஆயிற்று, எப்படி வைத்திருந்தோம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நம் கையில் கெட்டதை அவர்கள் கணக்கில் எழுத வேண்டாம்.

இரண்டு, குறை இருந்தால் முதலில் கடையில் சொல்லுங்கள். ராகி பிஸ்கட் கருகியது என்று ஒரே ஒருவர் நேரில் சொல்லியிருந்தால் மறுநாளே சரியாகியிருக்கும். சொல்லியும் கேட்காவிட்டால் தாராளமாக எழுதுங்கள், அதற்குத்தான் அந்த இடம். தப்பான எடையையும் பழைய சரக்கையும் மூடி மறைக்கச் சொல்லவில்லை.

மூன்று, எழுதும்போது எந்தப் பொருள், எந்த நாள் என்று எழுதுங்கள். விவரம் இல்லாத வவுச்சரை எந்த வங்கியிலும் பாஸ் பண்ண மாட்டார்கள். ஒரு பிஸ்கட்டுக்காகக் கடை முழுவதுக்கும் மார்க் குறைப்பது, ஒரு செக் திரும்பியதற்காக அக்கவுண்டையே மூடுவது மாதிரி.

நான்கு, பெரியவர்களுக்கு. மார்க் ருசிக்குத்தான், உடம்புக்கு அல்ல. அந்தப் பழைய அளவில் ஆறில் ஒரு பங்கு சர்க்கரை. ஒரு பிஸ்கட்டில் இரண்டரை கிராம், நாலு தின்றால் பத்து. ஒரு நாளைக்கு மொத்தமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபிச் சர்க்கரையும் அதில்தான் வரும். மைதா தனிக் கணக்கு. ஆகவே எட்டு மார்க் வாங்கிய உப்பு பிஸ்கட்டானாலும் இரண்டோடு நிறுத்துங்கள். எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை கொடியேற்றிய பிறகு நீங்கள் சாப்பிட்டது நம் பின்வாசல் கடை பிஸ்கட்தான். கமிட்டி இந்த முறை ஒரே வகை வாங்கவில்லை. பெரியவர்கள் தட்டில் உப்பும் தேங்காயும், குழந்தைகள் தட்டில் சாக்லேட்டும் தேங்காயும். மைனஸ் 0.37-க்கு அதுதான் பரிகாரம்.

ராகி பிஸ்கட்டைப் புதிதாகச் சுட்டுப் பார்க்கிறேன், ஏப்ரலில் இன்னொரு தடவை பெயர் தெரியாமல் ருசி பாருங்கள் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். வர விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வரும்போது காபி குடித்துவிட்டு வராதீர்கள். மீந்ததை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் டப்பா கொண்டு வாருங்கள், மூடி இறுக்கமானதாக.